மூன்று படைக்கு ஒரே துறை: 1947-ல் அமெரிக்கா சேர்த்தது படைகளையா, சண்டையையா?

#1 கடற்காகம்

இன்னொரு இழையில் சி.டி.எஸ் (இந்திய முப்படைகளின் தலைமைத் தளபதி) பதவி பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒருவர், "அமெரிக்காக்காரன் 1947-லயே மூணு படையையும் ஒண்ணாக்கி பென்டகன்ல உட்கார வெச்சுட்டான்" என்று எழுதியிருந்தார். அங்கே மறுத்து எழுதினால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். அதனால் தனி இழை.

என் கணிப்பு இது: 1947-ல் ஒன்றானது பெயர்ப்பலகை. போர்க்களத்தில் யார் யாருக்கு உத்தரவு போடலாம் என்ற கேள்விக்கு விடை கிடைக்க 1986 வரை ஆனது. 39 வருடம்.

முன்கதை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். அமெரிக்காவில் போர்த்துறை 1789-லிருந்து, கடற்படைத் துறை 1798-லிருந்து. தனித்தனி அமைச்சர், காங்கிரஸில் தனித்தனிக் குழு, தனித்தனி பட்ஜெட். இரண்டுக்கும் பொதுவாக மேலே இருந்தவர் அதிபர் ஒருவர்தான். இரண்டு படையும் தத்தம் வேலையைத் தனியாகப் பார்த்த காலத்தில் இது ஓடியது. 1941 டிசம்பர் 7-ல் ஜப்பான் தாக்கியபோது பேர்ல் ஹார்பரில் உடைந்தது. அங்கே கடற்படைக்கு அட்மிரல் கிம்மல், தரைப்படைக்கு ஜெனரல் ஷார்ட். ஒருவருக்கு ஒருவர் கட்டுப்பட்டவர் இல்லை. "பரஸ்பர ஒத்துழைப்பு" என்ற பேரில் வேலை நடந்தது. கடற்படை விமானங்கள் நெடுந்தூரம் ரோந்து போகின்றன என்று ஷார்ட் நினைத்தார். தரைப்படையின் ரேடாரும் விமான எதிர்ப்புப் பீரங்கிகளும் முழு விழிப்பில் இருக்கின்றன என்று கிம்மல் நினைத்தார். இருவர் நினைப்பும் தப்பு.

அதிபர் ட்ரூமன் 1945 டிசம்பர் 19-ல் காங்கிரஸுக்கு அனுப்பிய செய்தியில் ஒரே துறை, அதற்கு ஒரே தலைமைத் தளபதி என்று கேட்டார். கிடைத்தது வேறு. அதைத்தான் பேசலாம் என்கிறேன்.

#2 வாதாடி

பேர்ல் ஹார்பர்ல ரேடார் பார்த்த பையன் சரியாத்தான் சொன்னான், மேல இருந்தவர் "கவலைப்படாதே"ன்னுட்டார். ரேடாரும் தரைப்படை, அலட்சியமா விட்டவரும் தரைப்படைதான். ஒரே துறையா இருந்திருந்தா மட்டும் என்ன ஆகியிருக்கும்? எல்லாத் தோல்விக்கும் "ஒருங்கிணைப்பு இல்லை"ன்னு சொல்றது இப்ப ஃபேஷன்.

#3 வரலாற்றுப்புழு

வாதாடி சொல்வதில் நியாயம் இருக்கிறது. பேர்ல் ஹார்பர் அவ்வளவு சுத்தமான உதாரணம் இல்லை. பிலிப்பைன்ஸின் லேய்ட்டே வளைகுடாவில் ஜப்பானோடு நடந்த கடற்போரை எடுத்துக்கொள்ளுங்கள், 1944 அக்டோபர்.

ஹால்ஸியின் மூன்றாம் கடற்படைப்பிரிவு நிமிட்ஸுக்குக் கீழே. கின்கெய்டின் ஏழாம் பிரிவு மெக்ஆர்தருக்குக் கீழே. நிமிட்ஸ் அட்மிரல், மெக்ஆர்தர் தரைப்படை ஜெனரல். இருவருக்கும் பொது மேலதிகாரி அந்தக் கடல் பரப்பில் யாரும் இல்லை. அடுத்த படி வாஷிங்டன்.

சான் பெர்னார்டினோ நீரிணையை ஹால்ஸியின் போர்க்கப்பல் அணியான டாஸ்க் ஃபோர்ஸ் 34 காவல் காக்கிறது என்று கின்கெய்ட் நம்பினார். ஹால்ஸியின் செய்தி ஒன்றை இடைமறித்துக் கேட்டுத் தானாகப் புரிந்துகொண்டது அது. ஹால்ஸியோ எல்லாக் கப்பலையும் கூட்டிக்கொண்டு, ஜப்பானியர் தூண்டிலாக விட்ட விமானந்தாங்கிகளைத் துரத்தி வடக்கே போய்விட்டார். 25-ம் தேதி அதிகாலை 4.12-க்கு கின்கெய்டுக்குச் சந்தேகம் வந்து, "34 நீரிணையில் இருக்கிறதா?" என்று கேட்டார். நேரடியாகக் கேட்க முடியாது. மெக்ஆர்தரின் ஏற்பாட்டின்படி செய்தி மானுஸ் தீவு வானொலி நிலையம் வழியாகச் சுற்றிப் போக வேண்டும். ஹால்ஸி கையில் அது கிடைத்தது 6.48-க்கு. இல்லை என்று பதில் போனபோது, யமாட்டோவும் இன்னும் மூன்று போர்க்கப்பல்களும் அந்த நீரிணையைத் தாண்டி, ஆறு சின்ன எஸ்கார்ட் விமானந்தாங்கிகளின் முன்னால் வந்து நின்றன. அவற்றுக்குக் காவல் மூன்று டெஸ்ட்ராயர், நான்கு டெஸ்ட்ராயர் எஸ்கார்ட். அவ்வளவுதான்.

இரண்டரை மணி நேரம். ஒரே நாட்டுக் கப்பலிலிருந்து ஒரே நாட்டுக் கப்பலுக்கு ஒரு கேள்வி போய்ச்சேர.

#4 வாதாடி

ஹால்ஸியும் கடற்படை, கின்கெய்டும் கடற்படை. இது படைகளுக்கு இடையிலான பிரச்சினையே கிடையாதே புழு சார்!

#5 வரலாற்றுப்புழு

அந்தப் பிளவு எங்கிருந்து வந்தது? பசிபிக் முழுவதற்கும் ஒரு தளபதி போடலாம் என்றால், கடற்படை தன் கப்பல்களை மெக்ஆர்தர் கையில் கொடுக்கத் தயாரில்லை. தரைப்படை மெக்ஆர்தரை ஓர் அட்மிரலுக்குக் கீழே வைக்கத் தயாரில்லை. அதனால் கடலையே வரைபடத்தில் கோடு போட்டுப் பிரித்தார்கள். கோட்டின் இரண்டு பக்கமும் கடற்படைக்காரர்கள் நின்றது அதன் விளைவு. பாகப்பிரிவினை அண்ணன் தம்பிக்குள்ளே நடந்தாலும், கிணற்றுத் தண்ணீருக்கு அலைவது அவர்கள் பிள்ளைகள்தானே.

அந்தப் பீரங்கிச் சண்டையில் ஜான்ஸ்டன், ஹோயல், சாமுவேல் பி. ராபர்ட்ஸ், கேம்பியர் பே நான்கும் மூழ்கின. மீதி அதிலிருந்து தப்பித்தது அந்தச் சின்னக் கப்பல்களின் துணிச்சலாலும், ஜப்பானியத் தளபதி குரிடா பாதியில் திரும்பிப் போனதாலும்.

#6 மேகமூட்டம்

ஜப்பான் கதை இதைவிட மோசம். ஜெர்மனியின் டெய்ம்லர் பென்ஸ் 601 விமான எஞ்சினுக்கு ஜப்பான் தரைப்படை தனியா உரிமம் வாங்கிச்சு, கடற்படை தனியா வாங்கிச்சு. ஒண்ணை கவாசாகி செஞ்சது, இன்னொண்ணை ஐச்சி. ரெண்டு பேரோட 20 மி.மீ. துப்பாக்கிக் குண்டும் ஒண்ணுக்கொண்ணு சேராது. தரைப்படை தனக்குன்னு நீர்மூழ்கியே கட்டிக்கிச்சு! கடற்படை மேல அவ்வளவு நம்பிக்கை.

#7 கணக்கன்

1947 சட்டத்துக்குத் திரும்பலாமா?

கடற்படை ஏன் எதிர்த்தது என்பதை "ஈகோ" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அது பட்ஜெட் கணக்கு. ஒரே தலைமைத் தளபதி வந்தால் அவர் தரைப்படைக்காரராக இருக்க வாய்ப்பு அதிகம். புதிதாகப் பிறக்கும் விமானப்படை, நிலத்திலிருந்து பறக்கும் கடற்படை விமானங்களைக் கேட்கும். தரைப்படை, கடலிலிருந்து கரையேறிச் சண்டை போடும் மரீன் படையைச் சுருக்கி அணிவகுப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளும். இந்தப் பயம் கற்பனை இல்லை. மரீன் தளபதி வான்டெகிரிஃப்ட் 1946 மே மாதம் செனட் குழு முன்னால் போய், மண்டியிடுவது எங்கள் படையின் வழக்கம் இல்லை என்று சொல்லும் அளவுக்கு நிலைமை இருந்தது.

இதில் வேடிக்கை ஃபாரஸ்டல். கடற்படை அமைச்சராக இருந்து, ஒரே துறை யோசனையை நீர்க்க வைத்தவர் அவர். நண்பர் எபர்ஸ்டாட்டை வைத்து மாற்று அறிக்கை தயார் செய்தார்: மூன்று துறையும் தனியாக இருக்கட்டும், மேலே ஒருங்கிணைப்பு மட்டும் போதும். 1947 ஜூலை 26-ல் ட்ரூமன் கையெழுத்திட்ட சட்டம் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் சாய்ந்தது. பாதுகாப்பு அமைச்சர் பதவிக்கு முதலில் கேட்ட போர்த்துறை அமைச்சர் பேட்டர்சன் மாட்டேன் என்றார். அடுத்து யாரைக் கூப்பிட்டார்கள்? ஃபாரஸ்டலை.

தான் பல்லைப் பிடுங்கிய பதவியில் தானே போய் உட்கார்ந்தார். உதவிக்கு மூன்று சிறப்பு உதவியாளர்கள். கூட்டுத் தளபதிகள் அலுவலகத்துக்கு அதிகபட்சம் 100 அதிகாரிகள் என்று சட்டமே எல்லை கட்டிவிட்டது. படை அமைச்சர்கள் இவரைத் தாண்டி நேராக அதிபரிடம் முறையிடலாம். அது ஒரு துறைகூட இல்லை. "தேசிய ராணுவ அமைப்பு" என்று பெயர். அதன் ஆங்கிலச் சுருக்கம் என்.எம்.இ. வேகமாகச் சொல்லிப் பாருங்கள், "எனிமி" என்று வரும். 1949-ல்தான் பாதுகாப்புத் துறை என்று மாற்றினார்கள்.

#8 பழைய ஹவில்தார்

வணக்கம். நான் தரைப்படையில கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனவன். அமெரிக்கா விவரம் எனக்குத் தெரியாது. ஆனா மூணு படையும் ஒரே வளாகத்துல இருந்த ஒரு இடத்துல சில வருஷம் வேலை பார்த்தேன். ஒரு சின்ன விஷயம் சொல்றேன்.

ஒருநாள் எங்க ஜீப்பும் விமானப்படை லாரியும் கேட் கிட்ட உரசிக்கிச்சு. யாருக்கும் அடி இல்லை, ஜீப்போட முன் பம்பர் வளைஞ்சுது. ரெண்டு டிரைவரும் டீக்கடைப் பெஞ்சுல ஒண்ணா உட்காந்து, "உன் தப்பு பாதி, என் தப்பு பாதி"ன்னு பேசி முடிச்சுட்டாங்க. ஆனா காகிதம் முடியுமா? எங்க ஆளுக்கு 1950 ஆர்மி சட்டம், அவங்க ஆளுக்கு 1950 ஏர்ஃபோர்ஸ் சட்டம். எங்க கமாண்டர் அவங்க டிரைவரை ஒரு வார்த்தை விசாரிக்கக் கூடாது. ரெண்டு தனி கோர்ட் ஆஃப் என்கொயரி. அதே கேட், அதே சாட்சி, அதே சென்ட்ரி ரெண்டு தடவை வந்து ரெண்டு விதமான படிவத்துல கையெழுத்துப் போட்டான். நான்தான் டைப் அடிச்சேன். கார்பன் தாள் வெச்சு அஞ்சு காப்பி.

எங்க படிவத்துல இடது பக்கம் மோதல்னு இருக்கும், அவங்க படிவத்துல வலது பக்கம்னு இருக்கும். ரெண்டும் சரிதான். அவங்க அவங்க வண்டியில உட்காந்து பார்த்தா அப்படித்தான் தெரியும்.

#9 கடற்காகம்

ஹவில்தார் ஐயா, நான் நாலு பத்தியில் சொல்ல நினைத்ததை நீங்கள் ஒரு பம்பரில் சொல்லிவிட்டீர்கள். 2023-ல் இந்திய நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், கூட்டு அமைப்புகளின் கட்டளை, கட்டுப்பாடு, ஒழுங்கு பற்றியது, இதற்காகவே வந்தது. கூட்டு அமைப்பின் தலைவர் எந்தப் படைக்காரராக இருந்தாலும், தன் கீழே உள்ள மற்ற படை ஆட்கள் மீதும் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம். இந்தச் சட்டத்துக்கு முன்னால் ஆளைத் தாய்ப்படைக்குத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. அந்தமான் நிக்கோபார் கூட்டுக் கட்டளையகம் 2001-லிருந்து இருக்கிறது. இந்தச் சட்டம் வர 22 வருடம்.

சி.டி.எஸ் பதவிக்கு எல்லோரும் கைதட்டினார்கள். என்னைக் கேட்டால் இந்தச் சட்டம் அதைவிடப் பெரிய காரியம், ஆனால் பத்திரிகையில் ஒரு ஓரத்தில் வந்து போனது.

#10 வாதாடி

சரி, மேல் துறை பலவீனம், அதனால சண்டை தொடர்ந்ததுன்னு வெச்சுக்குவோம். பலமாக்கினா தீருமா? 1949-ல பலமாக்கினாங்களே. என்ன நடந்தது?

#11 கணக்கன்

நடந்தது ஊரறிந்தது. 1948-ல் மூன்று படையும் கேட்டதைக் கூட்டினால் சுமார் 30 பில்லியன் டாலர்; ட்ரூமன் 1950 நிதியாண்டுக்குப் போட்ட உச்சவரம்பு 14.4 பில்லியன். கேட்டதில் பாதிகூட இல்லை. முன்பு இரண்டு துறையும் வேறு வேறு குழுவிடம் போய்க் கேட்கும், ஒருத்தர் தட்டில் விழுவது இன்னொருத்தர் கண்ணில் படாது. இப்போது ஒரே தட்டு. விமானப்படைக்கு ஒரு பி-36 குண்டுவீச்சு விமானம் என்றால் அது கடற்படையின் வாயிலிருந்து எடுத்தது என்று எல்லோருக்கும் தெரியும். ஒரே கூரை போட்டதால் சண்டை குறையவில்லை, கூடியது.

ஃபாரஸ்டலுக்குப் பிறகு வந்த லூயி ஜான்சன், 1949 ஏப்ரல் 23-ல் "யுனைடெட் ஸ்டேட்ஸ்" என்ற பெரிய விமானந்தாங்கியை ரத்து செய்தார். அதன் அடிக்கட்டை வைத்து ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. கடற்படை அமைச்சர் சல்லிவன் ராஜினாமா. அட்மிரல்கள் காங்கிரஸ் முன்னால் போய், பி-36 ஓட்டை விமானம் என்று பகிரங்கமாகச் சாட்சி சொன்னார்கள். கடற்படைத் தளபதி டென்ஃபெல்டின் பதவி போனது. "அட்மிரல்களின் கலகம்" என்று பேர் வந்தது இதற்குத்தான். அடுத்த ஜூனில் கொரியப் போர் வந்து பணம் தாராளமாகப் பாய்ந்ததும் சத்தம் அடங்கியது. பணம் வந்ததால் வந்த சமாதானம் அது. துறை கொண்டுவந்ததாக நான் எழுத மாட்டேன்.

#12 மேகமூட்டம்

எனக்கு இன்னொரு கோணம். சண்டையே கெட்டதுன்னு ஏன் எல்லாரும் முடிவு கட்டுறீங்க?

ஃபேன்டம் எஃப்-4 கடற்படைக்காகச் செஞ்ச விமானம். அப்புறம் விமானப்படையும் அதை எடுத்துக்கிச்சு. சைட்விண்டர் ஏவுகணையும் அப்படித்தான், கடற்படைக் கூடத்துல பிறந்தது. போலாரிஸ் ஏவுகணை வந்ததே அணு ஆயுதம் விமானப்படை கையில மட்டும் இருக்கக் கூடாதுங்கற வீம்புலயும்தான். 1960-ல அது நீர்மூழ்கியில ரோந்து போனப்ப நாட்டுக்கு லாபமா நஷ்டமா?

இதுக்கு எதிர்ப்பக்கம் பாருங்க. பாதுகாப்பு அமைச்சர் மெக்னமாரா "ரெண்டு படைக்கும் ஒரே விமானம் போதும், மிச்சம் பிடிக்கலாம்"னு டி.எஃப்.எக்ஸ் திட்டத்தைக் கொண்டுவந்தார். கடற்படைக்கான எஃப்-111பி, விமானந்தாங்கிக்கு ஒத்துவராத எடையில நின்னு 1968-ல ரத்தாச்சு. ஒரு படை தனக்காகச் செஞ்சது நிலைச்சுது, ரெண்டு படைக்கும்னு மேல இருந்து திணிச்சது விழுந்துது.

#13 வரலாற்றுப்புழு

ஆயுதம் உருவாக்குவதில் போட்டி நல்லது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் போட்டி போர்க்களத்துக்கும் போகிறதே, அதற்கு என்ன செய்வது?

1980 ஏப்ரல், ஈரானில் பிணைக்கைதிகளாக இருந்த அமெரிக்கர்களை மீட்கும் முயற்சி. கடற்படையின் ஆர்.எச்-53 ஹெலிகாப்டர்கள், கண்ணிவெடி அகற்றும் வேலைக்கானவை. ஓட்டியவர்கள் பெரும்பாலும் மரீன்கள். பாலைவனத்தில் எரிபொருளோடு காத்திருந்தது விமானப்படை. உள்ளே போக வேண்டியது தரைப்படையின் டெல்டா என்ற சிறப்புப் பிரிவு. எல்லோரும் சேர்ந்து ஒரே ஒரு முழு ஒத்திகைகூடப் பார்க்கவில்லை. எட்டு ஹெலிகாப்டர் கிளம்பி, குறைந்தது ஆறு வேண்டிய இடத்தில் ஐந்துதான் சரியாக இருந்தது. திரும்பலாம் என்று முடிவெடுத்த பிறகு இருட்டிலும் புழுதியிலும் ஒரு ஹெலிகாப்டர் சி-130 விமானத்தின் மேல் மோதி எட்டுப் பேர் செத்தார்கள். ஐந்து பேர் விமானப்படை, மூன்று பேர் மரீன்.

புழுதியையும் பழுதான எந்திரத்தையும் எந்தச் சட்டமும் தடுக்காது. ஒத்திகை பார்க்க வைக்கும் அதிகாரம் ஒருவர் கையில் இருந்திருக்கலாம்.

#14 வாதாடி

அமெரிக்கா படை இறக்கின கிரெனடாத் தீவுல ஒருத்தர் பொது டெலிபோன்ல ஊருக்குப் போன் போட்டு பீரங்கி ஆதரவு கேட்டாராமே?

#15 வரலாற்றுப்புழு

அந்த டெலிபோன் கதையை விடுங்கள், ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். 1983-ல் கரையில் நின்ற தரைப்படையின் வானொலி, கடலில் நின்ற கடற்படைக் கப்பலோடு ஒழுங்காகப் பேசவில்லை என்பதே போதும்.

#16 கடற்காகம்

இப்போது 1986-க்கு வரலாம். கோல்ட்வாட்டர்–நிக்கல்ஸ் சட்டம். செனட்டில் 95-0. படைத் தலைமைகள் கடைசி வரை எதிர்த்த ஒன்றுக்கு ஒரு எதிர் ஓட்டுகூட விழவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அதில் எல்லோரும் பேசுவது கட்டளைத் தொடரை: அதிபர், பாதுகாப்பு அமைச்சர், பிறகு நேராகக் களத் தளபதி. தரைப்படைத் தளபதியும் கடற்படைத் தளபதியும் ஆளெடுக்கலாம், பயிற்சி தரலாம், தளவாடம் வாங்கலாம்; போர் நடத்துவது அவர்கள் வேலை இல்லை. 1991 வளைகுடாப் போரில் மரீன் உட்பட நான்கு படையும் களத் தளபதி ஷ்வார்ஸ்காஃப் ஒருவருக்குக் கட்டுப்பட்டது இதனால்தான்.

எனக்குப் பிடித்த விதி வேறு. கூட்டுப் பணியில் இருந்துவிட்டு வராதவருக்கு ஜெனரலாகவோ அட்மிரலாகவோ பதவி உயர்வு கிடையாது. அதற்கு முன்னால் கூட்டுப் பணி என்றால் தண்டனை மாதிரி. தன் படைக்காரர்கள் கண்ணிலிருந்து மறைந்தால் மேலே ஏற முடியாது என்று கெட்டிக்காரர்கள் எல்லாம் தப்பித்து ஓடுவார்கள். சட்டம் வந்ததும் அதே கெட்டிக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். ஃபாரஸ்டலிடம் மூன்று உதவியாளர்கள் இருந்தார்கள், ஆனால் யாருடைய பதவி உயர்வும் அவர் கையில் இல்லை.

#17 மேகமூட்டம்

அப்போ கனடா? அவங்க உண்மையிலேயே ஒண்ணாக்கினாங்களே.

#18 கணக்கன்

பால் ஹெல்யர் என்ற அமைச்சர். 1968 பிப்ரவரி 1-லிருந்து மூன்று படையும் சட்டப்படி கலைந்து, ஒரே கனடிய ஆயுதப்படை. மாலுமிக்கும் விமானிக்கும் காலாட்படைக்கும் ஒரே பச்சைச் சீருடை. எதிர்த்த அட்மிரல் லேண்டிமோர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். எண்பதுகளில் தனித்தனி நிறச் சீருடை திரும்பி வந்தது. 2011-ல் பழைய பெயர்களையும் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் பலர் சொல்லாமல் விடுவது: தளவாடக் கிடங்கு, சம்பளம், மருத்துவம் போன்றவற்றைச் சேர்த்தது நிலைத்துவிட்டது. மாலுமியிடம் நீலச் சட்டையைப் பிடுங்கினால் சண்டைக்கு வருவான். சம்பள ரசீதை எந்த அலுவலகம் அடிக்கிறது என்று கேட்க மாட்டான்.

#19 வாதாடி

ஒரு பகுதியில இருக்கற மூணு படையையும் ஒரே தளபதி கீழ வைக்கற தியேட்டர் கமாண்டுக்கு இந்திய விமானப்படை தயங்கறதும் வீம்புன்னுதான் சொல்வீங்களா?

#20 கடற்காகம்

இல்லை. அது நியாயமான கேள்வி. தரைப்படைக்கு 7, விமானப்படைக்கு 7, கடற்படைக்கு 3 என்று 17 கட்டளையகங்கள், தலைமையகங்கள்கூட வேறு வேறு ஊரில். அதைக் குறைக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் போர் விமானங்கள் குறைவாக இருக்கும்போது அவற்றைத் தியேட்டருக்கு இத்தனை என்று பங்கு போட்டால், மேற்கே சண்டை நடக்கும்போது கிழக்கே கொடுத்தது சும்மா நிற்கும். விமானத்தின் பலமே காலையில் ஒரு முனை, மாலையில் இன்னொரு முனை என்று போவதுதான். அமெரிக்காவிடம் பங்கு போட்டாலும் மிஞ்சும் அளவுக்கு இருந்தது. அந்த வடிவத்தை அப்படியே இறக்குமதி செய்ய முடியாது.

கார்கிலையும் சேர்த்துப் பாருங்கள். 1999 மே மாதம் தரைப்படை ஹெலிகாப்டர் கேட்டது. அரசியல் ஒப்புதல் இல்லாமல் முடியாது என்றது விமானப்படை. 26-ம் தேதிதான் விமானங்கள் கிளம்பின. யார் சரி என்று இன்றும் இரண்டு பக்கமும் புத்தகம் எழுதுகிறார்கள். அந்தப் பேச்சைக் கேட்டு அங்கேயே முடிவு சொல்ல, இரண்டு படைக்கும் பொதுவான ஒரு சீருடைக்காரர் அப்போது இல்லை. சுப்ரமணியம் குழுவின் ஆய்வுக்குப் பிறகு 2001-ல் அமைச்சர்கள் குழு அந்தப் பதவியைப் பரிந்துரைத்தது, முதல் சி.டி.எஸ் ஆக ஜெனரல் ராவத் பொறுப்பேற்றது 2020 ஜனவரி 1-ல்.

#21 வாதாடி

19 வருஷம். அமெரிக்காக்காரன் 39. நாம வேகம்தான் போல.

ஹவில்தார் சார், கேக்கணும்னு நெனச்சேன். கடைசியில அந்த பம்பருக்கு யார் பணம் கட்டினது?

#22 பழைய ஹவில்தார்

யாரும் கட்டலை தம்பி. ரெண்டு என்கொயரியும் மேல போய்க் கையெழுத்தாகி வர்றதுக்குள்ள ஜீப்பைக் கண்டெம் பண்ணி ஏலத்துல விட்டுட்டாங்க.